குதிரை ரோட்டில் குடை

அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாதைக்குக் குதிரை ரோட்டு என்று பெயர். நான் பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரைக் கேட்கிறேன். குதிரையைத்தான் கண்டதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பெயர்கள் அப்படித்தான். ஆஸ்பத்திரி லயத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, பலா மரத்தடியில் பலா மரம் கிடையாது. பாம்பு போனாலும் சட்டை கிடக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. இப்படிச் சொல்கிறவர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான் என் படிப்பு.

ஹேவாஹெட்ட பக்கத்து மலை அது. லொறி, ஆட்டோ எல்லாம் கீழே தேயிலை ஸ்டோர் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து, வரிசையாக வீடுகள் ஒட்டிக் கிடக்கிற மேல் லயத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஆட்கள் தங்களுக்காக வெட்டிக்கொண்ட செங்குத்தான படி. அதைக் குறுக்கு என்போம். மற்றது குதிரை ரோட்டு. மலையை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாத மனிதர் மாதிரி ஏறும். கோயிலை ஒட்டிய துண்டு மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. மீதி முழுக்க மானாப்புல் மூடிக் கிடந்தது.

அந்தக் கோயில் துண்டில் ஒரு வழக்கம். குடை பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் குடையை மடக்கிவிடுவார்கள். மழை கொட்டினாலும் மடக்குவார்கள். தாண்டிப் போய் மறுபடி விரிப்பார்கள். சாமிக்கு மரியாதை என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். அங்கே இங்கே விசாரித்த பிறகுதான் தெரிந்தது, மரியாதை சாமிக்கு இல்லை, குதிரைக்கு. குதிரைக்குக் கூட இல்லை, அதன் மேலே உட்கார்ந்து வந்த துரைக்கு. துரை வந்தால் ஆட்கள் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுக்க வேண்டும். குடையை மடக்க வேண்டும். பிறகு துரைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது, ஜீப் வந்தது, துரையும் போனார். மடக்கின குடை மட்டும் மடங்கியே இருந்தது.

அந்த ரோட்டைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. தேயிலை அரைக்கிற ஸ்டோர் கட்டின காலத்தில் இரும்புச் சக்கரமும் உத்திரமும் அந்த வழியாகத்தான் மேலே வந்ததாம். "மாடு பாதி, குதிரை பாதி இழுத்துச்சாம். மீதிய மனுசன் இழுத்தானாம்." இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டாலும் தப்பு என்பார்கள். எங்கள் மலையில் அதுதான் சரியான விடை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் லயத்தின் கடைசி வீடு அவளுடையது. மச்சான் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். நான் கெலிஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிற லொறியோடு போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க மலையேறுவேன்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேசன் நடந்தது. கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார் டொக்டர்.

"ஒரு கொடம் தண்ணி பாரமா டொக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"அரைக் கொடமும் பாரம் தாம்மா."

இது சின்னப் பேச்சு இல்லை. மேல் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. முன்பு இருந்த குழாயை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. குறுக்கு வழியாகக் கீழே மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு இறங்கித்தான் தண்ணீர் தூக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அக்கா அதைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "கடன் தண்ணியில சோறு பொங்குனா ஒவ்வொரு பருக்கையும் தொண்டையில நிக்குதுடா" என்றாள்.

மகள் ஒரு முடிவோடு போன் எடுத்தாள். தீபாவளிக்கு வருவேன், திரும்பும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று. அக்கா மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு போனபோது ட்ரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பாதி சேலைகள் உள்ளே போயிருந்தன.

"என்னக்கா இது?"

"தண்ணி வந்தா இருக்கேன். வரலன்னா போறேன். என்னா செய்ய?" என்றாள். பிறகு, ஜன்னலுக்கு வெளியே இருந்த மலைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்க ஜன்னல தொறந்தா அடுத்த வீட்டுச் செவருடா. நான் செவத்துக்கிட்ட என்னா பேசுவேன்?"

தண்ணீர் வரவும் வழி இருந்தது. லயத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு சிறிய ஊற்று. அங்கே ஒரு தொட்டி கட்டிவிட்டால் இரவெல்லாம் சொட்டுகிற தண்ணீர் சேரும், காலையில் வீடு வீடாகக் குழாயில் இறங்கும். லயத்து ஆட்கள் எல்லோரும் கூடிப் பேசி, சீமெந்தும் குழாயும் மண்ணும் ஏற்பாடு செய்தார்கள். மேசன் பாஸும் தயார். மண்ணை லொறி கொண்டுவந்து ஸ்டோர் பக்கத்தில் கொட்டியது. அத்தோடு சரி. மேலே கொண்டுபோக ஆள் இல்லை. இளசுகள் வேலைக்காகக் கொழும்பிலும் பல்லேகலயிலும். இருக்கிற பெண்களோ பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவர்கள்.

பக்கத்து வீட்டு மதினி வாய்க்கு அந்தத் தோட்டத்தில் பூட்டு இல்லை. அவர் சொன்னார்: "காலையில கூடை, மத்தியானம் கூடை, அந்திக்குக் கொடம். இப்ப மண்ணு வேறயா? என் தலை என்னா தலையா, லொறியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கில் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு உருவம் படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியது. அக்கா. கையில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் வாளி. அது நிறைய மண்.

"சின்ன வாளிதானேடா" என்றாள், நான் வாய் திறக்கும் முன்னாலேயே.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கண்ணை மூடினால் வாளி.

அந்த வாரம் கடைச் சாமானோடு நுவரெலியாவுக்குப் போனோம். தகரம் இறக்கி முடித்து, ஏரிக்கரையில் தேத்தண்ணி குடிக்க நின்றேன். மழைக்காலம் தொடங்குகிற நேரம், ஆள் நடமாட்டமே இல்லை. பனி ஏரியிலிருந்து எழும்பி ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் குதிரைகள் நின்றன. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யாரோ கனவு கண்டுவிட்டு எழுந்துபோக, கனவு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது போல.

ஒருவர் என்னிடம் வந்தார். என்னைவிட இளையவர், மழைக்கோட்டு, காதில் மப்ளர். "ஏறுறீங்களாண்ணே? ஒரு ரவுண்டு போவோம்."

"எனக்கு இல்ல தம்பி. மண்ணுக்கு."

"என்னாது?"

கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"இது முந்தி மண்ணு சொமந்திருக்குண்ணே. ரோடு இல்லாத மேட்டுல ஒரு வீடு கட்டுனாங்க. கல்லு, மண்ணு, தகரம் எல்லாம் இது முதுகுலதான் ஏறிச்சு. ஆனா அது அந்தக் காலம். இப்ப டூரிஸ்ட் சொமந்து சொமந்து கொணம் எப்பிடி மாறிருக்கோ."

"குதிரை குணமறிந்துதானே தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்றேன், என் பழக்க தோஷத்தில்.

"கொம்பு இல்லண்ணே. ஒதைக்கும்" என்றார் அவர்.

எப்படியும் மழைக்காலத்தில் அவருக்கு அங்கே வேலை குறைவு. தங்க இடமும் சாப்பாடும் குதிரைக்குப் புல்லும் இருந்தால் வருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: படியில் ஏறாது, ரோட்டு வேண்டும்.

மதினி விசயத்தைக் கேள்விப்பட்டதும் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "மண் குதிரைய நம்பி ஆத்துல எறங்காதன்னு சொல்லுவாங்க. இங்க ஒருத்தர் மண்ண நம்பிக் குதிரைய எறக்குறாரு!" சொல்லிவிட்டு முதல் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

எல்லோரும் சேர்ந்து மானாப்புல்லை வெட்டினோம். வெட்ட வெட்ட உள்ளேயிருந்து ரோட்டு வந்தது. ஓரக் கற்கள் அப்படியே இருந்தன. பாசி மட்டும்தான் கூடுதல். வெட்டி முடித்து மேலிருந்து கீழே வரை ஒருமுறை நடந்து பார்த்தேன், பிறகு கீழிருந்து மேலே. மூச்சு வாங்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் பரம்பரை பரம்பரையாக முழங்கால் தேய ஏறின அதே மலையில், மூச்சு வாங்காத ஒரு வழியும் கூடவே இருந்திருக்கிறது. குதிரைக்கு இரங்கி வளைந்து வளைந்து போட்ட வழி. அதையும் எங்கள் ஆட்களேதான் போட்டிருப்பார்கள். வெயில் சாய்கிற நேரம், புல் வாசம். ஏதோ ஒரு வளைவில் இரும்புச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு மாடும் குதிரையும் மனிதரும் இன்னும் வந்துகொண்டே இருப்பதாகத் தோன்றியது. கணக்கில் மீதியாக வந்த மனிதர்கள்.

சின்னப் பட்டா லொறியில் குதிரை வந்த காலை நல்ல பனி. கதவைத் திறந்ததும் முதலில் அதன் மூச்சுத்தான் வெளியே வந்தது, பிறகு அது. வயதான மண்ணிற உடம்பு, நெற்றியில் வெள்ளை. இமை மயிரில் பனித்துளிகள் தொங்கின. அக்கா தன்னுடைய பழைய கம்பளியை மடித்து அதன் முதுகில் போட்டாள். இரண்டு பக்கமும் உரச் சாக்கில் மண் கட்டினோம். குதிரைக்காரர் முன்னால் கயிற்றைப் பிடித்து நடக்க, குதிரை குதிரை ரோட்டில் கால் வைத்தது. குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது புதுச் சத்தம். ஆனாலும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

முதல் வளைவில் எதிரே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள், யாரும் சொல்லாமலேயே, பாதையை விட்டு ஓரத்தில் இறங்கி வரிசையாக நின்றார்கள். குதிரையும் நின்றது. குதிரைக்காரர் கயிற்றை இழுத்தார். நாக்கால் சத்தம் கொடுத்தார். அது அசையவில்லை.

"என்னா இது, பஸ் ஹோல்ட்டுல நிக்கிற மாதிரி நிக்குது?" என்றார் வரிசையில் நின்ற மதினி.

குதிரைக்காரர் குதிரையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஏரிக்கரையில ரோட்டோரமா ஆளு நின்னா, ஏறத்தான் நிக்குறாங்கன்னு இது நெனச்சுக்கும். ஆளு ஏறாம நகராதுங்க."

"நாங்க அது போறதுக்குத்தானே நிக்கிறோம்!"

"அது நீங்க ஏறுறதுக்குத்தானே நிக்குது!"

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. குதிரை மட்டும் சிரிக்கவில்லை. மதினியையே பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றது.

"என்னைய ஏன் பாக்குது? நான் ஏறுனா மண்ண யாரு எடுத்துட்டுப் போறது?"

"நீங்க ஏறுனா குதிரைய யாரு எடுத்துட்டுப் போறதுன்னு அது யோசிக்குது மதினி" என்றேன். என் முதுகில் ஒரு அடி விழுந்தது.

வழி சுலபம்தான். ஓரத்தில் நிற்காதீர்கள், உங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருங்கள் என்றார் குதிரைக்காரர். ஆனால் சொல்வது சுலபம். வயதானவர்களுக்குக் கால் கேட்கவில்லை. கொழுந்துச் சாக்கோடு இறங்கி வந்த ஒருவர், நடக்கத்தான் வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே கானுக்குள் இறங்கி நின்றார். "எங்கப்பன் நின்னான், அவனோட அப்பன் நின்னான். என் காலு மட்டும் தனியா ரோசிக்குமா?" என்றார்.

அதனால் வேலை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பகலில் ரோட்டு வெறிச்சென்று இருக்கும்போது குதிரை அழகாக ஏறும். ஆட்கள் போய்வருகிற நேரம் வந்தால் இரண்டு பக்கமும் மரியாதை முற்றி, எல்லாம் நின்றுவிடும். மத்தியானத்தில் குதிரையை அக்கா வாசலில் கட்டுவார்கள். அவள் அக்கம்பக்கத்தார் கொடுத்த குடத்திலிருந்து பாதியை அதற்கு ஊற்றுவாள்.

"கடன் தண்ணிய தானம் பண்ணுறியாக்கா?"

"குடிக்கட்டும்டா. அது ஒண்ணுதான் திருப்பிக் குடுக்குது" என்பாள்.

தீபாவளி நெருங்கியது. மலைகளுக்குப் பின்னால் வானம் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கறுத்தது. மகள் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டாள். தொட்டிக்கு அடித்தளமும் சுவரும் முடிந்து, மேல்தட்டு மட்டும் பாக்கி. "மிச்ச மண்ணும் சீமெந்தும் இன்னைக்கு மேல வந்தா இன்னைக்கே போட்டுருவேன். மழை புடிச்சிருச்சுன்னா பொங்கலுக்கு அப்புறம்தான்" என்று மேசன் பாஸ் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் அக்கா அங்கே இருக்கமாட்டாள். பெட்டியில் கடைசிச் சேலையும் போய்விட்டது. பூட்டு மட்டும்தான் போடவில்லை.

அன்றைக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். சாக்குச் சாக்காக ஏற்றி, அந்திக்குக் கடைசி நடை. குதிரை முதுகில் பொலித்தீன் சுற்றிய சீமெந்து. கோயில் வளைவுக்கு வந்தபோது தூறல் போட்டது. அதே நேரம் மேல் மலையிலிருந்து கொழுந்து எடுத்தவர்கள் எல்லாரும் ஒன்றாக இறங்கி வந்தார்கள். கோயில் துண்டு. கேட்கவா வேண்டும்? வரிசையாக ஓரத்தில் நின்றார்கள். ஒவ்வொரு குடையாக மடங்கியது. தலையில் மழை இறங்க, அசையாமல் நின்றார்கள். குதிரையும் நின்றது. பனி இறங்கி எல்லாரையும் ஒரே நிறமாக்கியது. மழை, மனிதர், மிருகம் எல்லாம் ஏதோ பழைய காலத்துக்குள் மெல்ல மூழ்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. குதிரைக்காரர் இழுத்தார். நான் பின்னாலிருந்து கெஞ்சினேன். பொலித்தீன் மேல் மழை சடசடத்தது.

அப்போது மேலிருந்து ஒரு கறுப்புக் குடை இறங்கி வந்தது. அக்கா.

கோயில் துண்டின் தொடக்கத்தில் அவள் கை குடைக் காம்பின் பொத்தானுக்குப் போனதைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது வருடப் பழக்கம். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்கிவிட்டது. விரித்த குடையோடு நேராகக் குதிரைக்கு முன்னால் வந்தாள். ரோட்டின் நட்ட நடுவில், அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மேலே பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, வழுக்கும்!" என்று கத்தினேன்.

"சொமக்கத்தான் கூடாதுன்னாரு டொக்டர். நடக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே. பிறகு குதிரையிடம், "ஏய், வா" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற குரல்.

குதிரை காதைத் திருப்பியது. அதன் முன்னால் இப்போது ஏறக் காத்திருக்கிற முகம் இல்லை. போய்க்கொண்டிருக்கிற ஒரு முதுகுதான் இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொன்று.

ஓரத்தில் நின்றவர்களைப் பார்த்து அக்கா சத்தம் போட்டாள்: "என்னாங்கடி பாக்குறீங்க? தொரையா வாறாரு? சீமெந்துதானே வருது! கொடைய விரிச்சிக்கிட்டு நடங்க!"

முதலில் மதினியின் குடை விரிந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு மழைக்குக் காளான் முளைக்கிற மாதிரி வரிசை முழுக்க. கீழே போக வந்தவர்கள் அப்படியே திரும்பி, குதிரைக்கு முன்னாலும் பின்னாலும் சேர்ந்து மேலே நடந்தார்கள். ஏன் வந்தோம் என்று பிறகு கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. பனிக்குள் குடைகள் மிதந்து போயின. நடுவில் குதிரையின் முதுகு ஏறி இறங்கியது. நான் கடைசியில் நடந்தேன். முன்னால் போகிறவர்கள் வளைவில் மறைவதும், மேல் வளைவில் மறுபடி தெரிவதுமாக, அந்த ரோட்டு முடியாமலேயே இருக்கக் கூடாதா என்றிருந்தது.

முடிந்தது. எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் நீலத் தார்ப்பாய்ப் படங்கைப் பிடித்துக்கொள்ள, அதற்கடியில் பாஸ் மேல்தட்டைப் போட்டார். அவர் கரண்டியைக் கழுவியபோது மழை நிஜமாகவே பிடித்தது.

குதிரையை ஏற்றிப்போக லொறி வந்த அன்று, அது அக்கா வாசலில் வந்து நின்று நகர மறுத்தது. "யாரோ ஏறப்போறாங்கன்னு நிக்குது" என்றார் குதிரைக்காரர். அக்கா அதன் நெற்றியைத் தடவிவிட்டு, முன்னால் லொறி வரைக்கும் நடந்து போனாள். அதுவும் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டது. கம்பளியை அவள் திருப்பி வாங்கவில்லை.

தீபாவளிக்கு மகள் வந்தாள். அக்கா அவளைப் பையைக்கூட வைக்க விடாமல் குழாயடிக்கு இழுத்துப்போய், திற என்றாள். குழாய் முதலில் இருமியது. காற்று வந்தது, கலங்கல் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. மகள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். அம்மாவைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, ஒரு சேலையை எடுத்து அலுமாரியில் வைத்தாள். மீதியை அக்காவே வைத்தாள். கொழும்புக்கு முறுக்கு டின் மட்டும் போனது.

போன மாதம் மலையேறினேன். இப்போது எல்லோரும் குதிரை ரோட்டில்தான் போகிறார்கள். குறுக்கில் புல் வளர்கிறது. அக்கா ஸ்டோர் வரைக்கும் வந்து கூட்டிப்போனாள். வழியில் மழை. இரண்டு பேரும் குடை விரித்து, கதை பேசிக்கொண்டே நடந்தோம். கோயிலடியில் அக்கா நின்று என்னைப் பார்த்தாள்.

"மழை பெய்யுதுடா."

"தெரியுதுக்கா."

"பின்ன?"

கையைப் பார்த்தேன். என் குடை மடங்கியிருந்தது. நான் எப்போது மடக்கினேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா குடையே ஆட ஆடச் சிரித்தாள். "விரிடா. அந்தக் குதிரை நூரலியாவுல நிக்குது" என்றாள். "விரிச்சிக்கிட்டு வெரசா நட. கொழாய தொறந்து வச்சிட்டு வந்துட்டேன்."